வகைப்பாட்டுக்காரர் வீட்டுக் கடலைக் கொல்லை

பெயர்சொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. நம் பக்கத்தில் ஊருக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். வழியில் பாம்பு குறுக்கே வந்தால் நீங்களும் நானும் ஓடுவோம், இவர் நிற்பார். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது விரியனா, ஓலைப்பாம்பா என்று முடிவுசெய்யாமல் ஓடுவது அவர் கொள்கைக்கு விரோதம். காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்க்க வந்தால் கஞ்சி குடித்தீர்களா என்று கேட்கமாட்டார், எந்த வகைக் காய்ச்சல் என்று கேட்பார். பதில் கிடைத்ததும் முகம் தெளிந்துவிடும், காய்ச்சலே இறங்கிவிட்ட மாதிரி. எதையும் ஒரு பெயருக்குள் அடைத்து, அந்தப் பெயரை அதைவிடப் பெரிய பெயருக்குக் கீழே செருகி, அதையும் இன்னொன்றின் கீழே அடுக்கிவிட்டால் அவருக்கு அன்றைய வேலை முடிந்தது. மற்ற வேலைகள்? அதற்குத்தான் வீட்டில் ஓர் ஆள் இருக்கிறதே.

குணசேகரன் வீட்டில் அந்த ஆளின் பெயர் பரிமளா.

அரிமளத்துக்குத் தெற்கே இரண்டு கிலோமீட்டரில் வீடு. குணசேகரன் பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் ஊரார் நிலத்தை நன்செய், புன்செய், மனை என்று பிரித்து எழுதியவர். எழுதிய நிலம் ஒன்றிலாவது செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியதில்லை. ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம், மகன் வாங்கிக்கொடுத்த போனில், ட்யூப்லைட்டில் வந்து ஒட்டிய பூச்சி ஒன்றைப் படம்பிடித்து யாருக்கோ அனுப்பினார். அங்கிருந்து இரண்டு சொல்லில் ஒரு லத்தீன் பெயர் திரும்பி வந்தது. முடிந்தது கதை. மறுநாளே 'அந்து ஆர்வலர்' என்ற வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டாவது உறுப்பினரானார்.

"என்னங்க, பட்டாம்பூச்சி ஒண்ணு உள்ள வந்துருச்சு."

"அது அப்படி இல்ல பரிமளா. அந்துப்பூச்சி. ரெக்கையை எப்படி வச்சிருக்கு பாரு."

"ரசத்துல விழுந்துருச்சுங்க."

"விழுந்தாலும் அந்துதான்."

அந்துகளிலும் அவருடைய தனி அக்கறை புலி அந்துக் குடும்பத்தின் மேல். புலி என்றதும் பதற வேண்டாம், கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஆனால் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் வகை. வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியது போல் ஒன்று, குளவி மாதிரியே இடுப்பைச் சுருக்கி மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றுவது ஒன்று, குருமாவில் போடுகிற கல்பாசி மாதிரியான பாசியைத் தின்று வளர்ந்து நகத்தளவில் நின்றுவிடுவது ஒன்று, தொட்டால் செத்தது போல் விழுந்து கிடந்து நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்து போய்விடுவது ஒன்று. இத்தனையும் ஒரே குடும்பம் என்றுதான் நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவந்தார்கள். அப்புறம் மரபணுவை நோண்டிப் பார்த்தவர்கள், இது தனிக் குடும்பம் இல்லை, இன்னொரு பெரிய குடும்பத்தின் கிளை என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். குணசேகரனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"தனிப் பட்டாவா இருந்ததைக் கொண்டுபோய்க் கூட்டுப் பட்டாவுல சேத்துட்டானுங்க பரிமளா."

"யாரு நெலத்தை?" என்று அவள் திடுக்கிட்டுக் கேட்டாள்.

அவள் திடுக்கிட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் பாடுபடுகிற ஒன்றரை ஏக்கர் செம்மண் கொல்லை அவள் பெயரில் இல்லை. அண்ணன் வீரய்யா பெயரில் இருக்கிறது. மேற்கே இருந்த கொல்லைகளில் எல்லாம் தைல மரம் வந்துவிட்டது. நட்டுவிட்டால் ஆள் வேண்டாம், களை வேண்டாம், கவலை வேண்டாம். வீரய்யாவும் கறம்பக்குடிப் பக்கம் நாற்று விலை விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"இந்த ஒரு போகம் பாப்பம் ஆத்தா. வெளைஞ்சா நீயே வச்சு வெள்ளாமை பண்ணு, நான் கேக்க மாட்டேன். இல்லேன்னா தைலம்தான்."

பரிமளா சரி என்றாள். போன வருஷக் கடலையில் பொறுக்கி வைத்த விதையை ஆனி மாதச் சாரலில் போட்டாள். அந்தக் கொல்லையின் மேல் அவளுக்கு ஏன் அத்தனை பிடிப்பு என்று அண்ணனும் கேட்டதில்லை, கணவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. வரப்பைத் தாண்டி உள்ளே போய்விட்டால் யாரும் அவளைத் திருத்துவதில்லை. அவ்வளவுதான்.

ஆடியில் குழு 'அந்து வாரம்' அறிவித்தது. ஏழு நாளில் எந்த மாவட்டக்காரர் அதிக வகை பதிவுசெய்கிறாரோ அவருக்குச் சான்றிதழ். சிவகங்கைக்காரர் ஒருவர் ஐம்பத்தெட்டில் நின்றார், நம்மவர் ஐம்பத்தாறில். அந்தத் திங்கட்கிழமை பார்த்து நல்ல மழை.

மழை பெய்தால் என்ன நடக்கும் என்று அங்கே கடலை போடுகிற எல்லோருக்கும் தெரியும். மாதக்கணக்கில் மண்ணுக்குள் கூடு கட்டிக் கிடந்த தாய்ப்பூச்சிகள் மேலே கிளம்பும். இலைக்கு அடியில் முட்டை வைக்கும். அதிலிருந்து வருவதுதான் கொல்லையையே மொட்டையடிக்கிற சிவப்புக் கம்பளிப் புழு, அதுவும் புலி அந்துக் குடும்பம்தான். அதனால் அன்று பொழுது சாய்ந்ததும் கொல்லைக்குக் கொல்லை ஒரு பல்பு எரியும், அதன் கீழே அகலமான பேசினில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருக்கும். வருகிற பூச்சி விழுந்து சாகும்.

குணசேகரனும் வந்தார்! இரண்டு மூங்கிலை ஊன்றி, நடுவே தன்னுடைய பத்தாறு வேட்டியைத் திரையாகக் கட்டி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து, சுற்றுவட்டாரத்தில் எவரிடமும் இல்லாத வெளிச்சத்தில் ஒரு விளக்கைப் போட்டார். பரிமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் முதல்தடவையாக மனுஷன் கொல்லைக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கிறார். ஓடிப்போய்ப் பேசினைக் கொண்டுவந்து விளக்குக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பினால், பேசின் வரப்பில் கவிழ்ந்து கிடந்தது.

"ஏங்க, பேசினை ஏன் அங்கிட்டு வச்சிருக்கீங்க?"

"செத்த பூச்சி கணக்குல வராது. உசுரோட படம் எடுத்தாத்தான் ஒத்துக்குவாங்க."

"யாரு ஒத்துக்கணும்?"

"குரூப்புல."

"சரி, எடுத்துட்டு?"

"விட்டுருவோம்."

"எங்க விடுவீங்க?"

"இங்கதான்."

பரிமளா மறுபடி பேசினை வைத்தாள். அவர் மறுபடி எடுத்தார். மூன்றாம் முறை வைக்கப் போனபோது, "சும்மா இரு, நெழல் விழுது" என்றார்.

வந்தன பாருங்கள். வெள்ளைச் சிறகு, தோள் ஓரத்தில் மஞ்சள் கோடு, வேட்டியில் கரை தெரியவில்லை. அடுத்த கொல்லைக்காரி செங்கமலம் மறுநாள் காலையில் வரப்போரம் வந்து மகிழ்ச்சியோடு சொன்னாள்: "எங்க பேசின்ல ரெண்டே ரெண்டு வண்டுதான் அக்கா. வந்த பூச்சி அம்புட்டும் அண்ணன் வேட்டிக்குப் போயிருச்சு. இந்த வருசம் நாங்க பொழச்சோம்!"

நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் எண்ணி, படம் எடுத்து, கோழிக்குஞ்சைத் தட்டிக்கொடுப்பது போல் வேட்டியை உதறி விட்டிருந்தார் குணசேகரன். குழுவில் முப்பத்தேழு கட்டைவிரல்கள். ஆனால் ஒரு சிக்கல். சில பூச்சிகளின் தோள் கோடு மஞ்சளா, சிவப்பா என்று படத்தில் சரியாகத் தெரியவில்லை. மஞ்சள் என்றால் ஒரு வகை. சிவப்பு என்றால் வேறு. இரண்டும் இருந்தால் சிவகங்கைக்காரரைத் தொட்டுவிடலாம். வாரத்துக்குள் எடுத்த படம் என்றால், வகை பின்னால் உறுதியானாலும் கணக்கில் சேரும்.

நாலாம் நாள் பரிமளா இலையைத் திருப்பிப் பார்த்தாள். கசகசாவைக் கொட்டி ஒட்டின மாதிரி முட்டை. அடுத்த இலை, அதற்கடுத்த இலை.

"ஏங்க, முட்டை வச்சிருக்கு. வாங்க, ஆளுக்கு ஒரு பக்கமாக் கிள்ளிப்புடுவோம்."

"முட்டையை வச்சு வகை சொல்ல முடியாது பரிமளா. மேக்கால நாலு வரிசையைத் தொடாம விடு. பொரிஞ்சு வளரட்டும், தாய் எதுன்னு தெரிஞ்சுரும்."

அவள் விடவில்லை, கிள்ளினாள். ஒரு ஆள், இரண்டு கை, ஒன்றரை ஏக்கர். மேற்கே அவள் எட்டுவதற்குள் முட்டை பொரிந்துவிட்டது. குணசேகரன் அங்கே குந்தி, எறும்பளவு இருந்த புழுக்களில் ஆறைப் பொறுக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, கடலை இலை வைத்து, டிவி மேல் வைத்து வளர்க்க ஆரம்பித்தார். வெளியே மிச்சமிருந்த ஆயிரக்கணக்கான புழுக்கள் அவர் உதவி இல்லாமலே வளர்ந்தன. ஒரு வாரத்தில் மேற்குப் பக்கம் இலை எல்லாம் கொசுவலை.

பரிமளா வேளாண்மை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். இந்துமதி என்ற சின்னப் பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "சிவப்புக் கம்பளிப் புழும்மா. ஒடனே பாக்கணும்" என்றாள்.

"அது அப்படிப் பொத்தாம்பொதுவாச் சொல்லக் கூடாதும்மா" என்று ஆரம்பித்தார் குணசேகரன். "ரெண்டு வகை இருக்கு. குடும்பம்னு எடுத்துக்கிட்டீங்கன்னா, முன்னாடி தனியா இருந்துச்சு..."

"எதுவா இருந்தாலும் கடலையைத்தான் சார் திங்குது."

"எந்த வகைன்னு தெரியாம மருந்து அடிக்கிறது விஞ்ஞானம் இல்லீங்க."

"இது பெரிசாயிருச்சு சார், இனிமே மருந்துக்கே அடங்காது. கெழக்க இன்னும் பச்சையா இருக்குல்ல? நடுவால ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டுங்கம்மா. மேக்கால தின்னு முடிச்சதும் கூட்டமா நகரும். குழியில விழும். விழுந்ததை மூடிருங்க."

அன்றே பரிமளா வெட்ட ஆரம்பித்தாள். செங்கமலம் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தாள். வேட்டிக்குப் போன பூச்சிகள் அதற்கப்புறம் எங்கே போயின என்று இதற்குள் அவளுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது, ஆகவே நேராக வெட்ட இறங்கிவிட்டாள். இரண்டு பெண்களும் இரண்டு நாளில் வடக்கு தெற்காக நீளக் குழி வெட்டி முடித்தார்கள். மூன்றாம் நாள் காலை புழுக்கள் புறப்பட்டன. செம்மண் நிறத்தில், முடி சிலிர்த்து, மண்ணே நகர்கிற மாதிரி வந்து, குழியில் சரசரவென்று விழுந்தன. பரிமளா மண்ணைத் தள்ளித் தள்ளி மூடினாள். பரவாயில்லை, பாதியாவது மிஞ்சும் என்று நிமிர்ந்தவள், கிழக்கே குழிக்கு இந்தப் பக்கம் நாலைந்து செடி அசைவதைப் பார்த்தாள். காற்று இல்லை.

குழியின் தெற்கு முனையில் ஒரு பலகை கிடந்தது. முழங்கால் வலிக்காரரான குணசேகரன், மேற்கே போய்ப் படம் எடுத்துவரத் தோதாகப் போட்டுக்கொண்டது. அதன் மேல் புழுக்கள் வரிசை பிசகாமல் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. அவர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"பரிமளா, மெதுவா வா. என்ன ஒழுங்கா வருது பாரு. எண்ண இதைவிட வசதியே கிடையாது. இதுவரைக்கும் நூத்தி நாப்பது..."

பரிமளா பலகையைக் காலால் எத்திக் குழிக்குள் தள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் உரக்கப் பேசியதில்லை. தாண்டி வந்த புழுக்களை ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுத்துக் குழியில் போட ஆரம்பித்தாள், கை முழுக்கத் தடித்து அரிக்க அரிக்க.

ஞாயிற்றுக்கிழமை வீரய்யா வந்தார். கிழக்கே அரை ஏக்கர் பச்சையாக நின்றது. மேற்கே ஒரு ஏக்கரில் ஈர்க்குச்சி நட்ட மாதிரி காம்பு. தங்கை தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அக்கம்பக்கத்துக் கொல்லைகளை வீரய்யா ஒரு தடவை பார்த்தார், எல்லாம் பச்சை.

"என்ன மாப்ளே, இங்க மட்டும் இப்படி?"

இந்த இடத்தில் ஒரு மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். மழை, விதை, காலம் என்று ஏதாவது ஒன்றின் மேல் பழியைப் போட்டிருக்கலாம், பரிமளா அதையும் ஆமாம் என்றிருப்பாள். ஆனால் பெயர்சொல்லி என்ன செய்வார்? போனை எடுத்தார்.

"பாருங்க மச்சான். நானூத்திப் பன்னெண்டு! இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே எடத்துல இம்புட்டு யாரும் பாத்ததில்ல. எல்லாம் நம்ம வேட்டிக்கு வந்தது."

"வந்ததை?"

"பத்திரமா விட்டுட்டோம்."

வீரய்யா தங்கையைப் பார்த்தார். அவள் குழி மண்ணைப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கெழக்கத்தி அரை ஏக்கரை நீ வச்சுக்க ஆத்தா. மேக்கால நான் நட்டுக்கறேன்."

பக்கத்தில் தைலம் வேர் விட்டு ஈரத்தை இழுத்துக்கொண்டால் அரை ஏக்கரில் எத்தனை வருஷம் கடலை நிற்கும் என்று பரிமளாவுக்குத் தெரியும். மூன்று என்று வைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் டிராக்டரில் நாற்று வந்து இறங்கியது. குழி எடுத்துக்கொண்டிருந்த ஆட்களிடம் குணசேகரன் போய் ஒரு நாற்றை முகர்ந்து, இலையைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதைத் தைலம்னு சொல்லக் கூடாதுங்க" என்றார். "இது கலப்பு. ரெண்டு வகையைச் சேத்து உண்டாக்கினது."

ஆட்கள், "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு நட்டார்கள். பரிமளா கிழக்கே தன் அரை ஏக்கரில் நின்று, முதல் வரிசை எத்தனை அடி தள்ளி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைப் படித்துக்கொண்டே வந்த உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். பெரியப்பாவோ, அலுவலகத்தில் எதிர் மேஜைக்காரரோ. 'இந்த ஆள் அப்படியே அவர்தான்' என்று சேர்த்திருப்பீர்கள். மைத்துனரையும் அதே வகையில் போட்டு, கொஞ்சம் தணிந்த ரகம் என்று அவருக்குக் கீழே ஒரு கிளை பிரித்து, ஆளாளுக்கு இடம் ஒதுக்கி முடித்து, மனசுக்குள் சிரித்தும் இருப்பீர்கள். நல்லது, அடுக்கு சுத்தமாக வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் அதை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயிருந்து உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. எழுந்து போங்கள். அது எந்த வகைக் கூப்பிடுதல் என்று அப்புறம் தீர்மானித்துக்கொள்ளலாம்.