ஏழு ரோடு சந்திப்பும் என் மத்தியானத் தூக்கமும்

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கியே தீருவது என்று வியாழக்கிழமையே முடிவு கட்டிவிட்டேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஞாயிறு மத்தியானம் நான் தூங்கியும் பதினோரு வருஷம். சாப்பிட்டுக் கை கழுவியதும் மச்சான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். மனைவியின் அண்ணன். தங்கமான மனிதர்தான், ஆனால் பாடுவார். அசதியில் யாராவது கண்ணை மூடினால், ரசிக்கிறார்கள் என்று இன்னொரு தடவை பாடுவார்.

என் உத்தியோகம், செல்போன் வரைபடத்துக்குச் சாலைச் சந்திப்புகளை வரைவது. எங்களுக்கும் மச்சானுக்கும் நடுவே ஏழு ரோடு சந்திப்பு. மேலே பாலம், கீழே சுரங்கப்பாதை, நடுவில் ரவுண்டானா. மனிதன் என்றால் கண்ணால் பார்த்துத் திரும்பிவிடுவான். போனுக்குக் கண் ஏது? எந்த ரோட்டிலிருந்து எந்த ரோட்டுக்குத் திரும்பலாம் என்று ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு திருப்பம், அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆபீஸில் 'சந்திப்புப் புலி' என்பார்கள். வீட்டில் அப்படியெல்லாம் சொல்வதில்லை.

சோதனைக்கென்று எங்களிடம் ஒரு நகல் வரைபடம் உண்டு. அதில் மச்சான் வீட்டுப் பக்கம் போகிற திருப்பத்துக்கு மட்டும் 'திரும்பக் கூடாது' என்று போட்டு, வெள்ளிக்கிழமை காலை மனைவி குளிக்கப் போன சமயம் அவள் போனில் ஏற்றிவிட்டேன். ஊருக்கு ஒரு பாதகமுமில்லை.

ஞாயிறும் வந்தது. கை கழுவினேன்.

"என்னங்க, அண்ணன் வீட்டுக்கு ஒரு மணி பத்து நிமிஷம்னு காட்டுது?"

"அடடா, ஏழு ரோட்டுல திரும்ப விடறதில்ல போலிருக்கு. ஊரையே சுத்தணும்."

"எட்டு நிமிஷத்துல போயிட்டிருந்தோமே?"

"என்ன பண்றது? சட்டம்னா சட்டம்."

"சரி, போக வேண்டாம்."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஓடிப்போய்ப் படுக்கையை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டேன்.

"அவங்கள இங்க வரச் சொல்லிட்டேன்."

"ஐயையோ! அவங்களுக்கும் அதே தூரந்தானேம்மா? பாவம்!"

போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அங்கேருந்து இங்க வர எட்டே நிமிஷம்தான் காட்டுது."

போகிற திருப்பம் வேறு, வருகிற திருப்பம் வேறு. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் நடத்தும் பாடமே அதுதான். வருகிற திருப்பத்தை அப்படியே திறந்து போட்டிருக்கிறேன்!

மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கினார். "உங்களுக்கு எதுக்கு மாப்ள இவ்வளவு அலைச்சல்? இனிமே வாராவாரம் நாங்களே வந்துடறோம்" என்றபடி, நான் விரித்த படுக்கையில் சாய்ந்தார். பாடவில்லை. தூங்கிவிட்டார். குறட்டையில் மட்டும் சுருதி சுத்தமாக இருந்தது.

வீடு நிறையப் பேச்சும் சிரிப்பும். மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்கும், பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. சமையலறையில் அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அவங்களுக்கு எப்ப போன் பண்ணே?"

"போன் எதுக்கு?" என்றாள் டீயை ஆற்றிக்கொண்டே. "நேத்து சாயங்காலம் நேர்லயே போய்க் கூப்பிட்டேன். எட்டு நிமிஷந்தான் ஆச்சு."