வலிக்காத நெஞ்சுக்கு ஒரு செப்புத் தகடு

எலும்பு வார்டில் டாக்டர் வந்தால்கூட யாரும் நிமிர்ந்து உட்காருவதில்லை. தகட்டு மகான் வந்தால் மாவுக்கட்டுக் கால்கள்கூடத் தரையைத் தேடும். போர்வைக்கு மேலேயே நெஞ்சில் ஒரு செப்புத் தகட்டை வைப்பார். கண்ணை மூடுவார். இதயம் தன்னிடம் பேசுகிறது என்பார். பிறகு அதே மாதிரித் தகடு ஒன்றை விற்பார். மொழிபெயர்ப்புக் கூலி போலிருக்கிறது.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு இடுப்பெலும்பு மாற்றியிருந்தார்கள். பார்த்துவிட்டு உடனே திரும்பலாம் என்றுதான் போனேன். இப்படியொரு காட்சியை விட்டுவிட்டு யார் கிளம்புவது?

நர்ஸ் ரத்தம் எடுக்க வந்தார். அக்கா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. ரத்தம் எடுத்தா தகட்டோட சக்தியும் கூடவே போயிடுமாம். எனக்குத்தான் நெஞ்சுவலியே இல்லையே."

"வலி இல்லேன்னா இதயம் பத்திரம்," என்றார் மகான்.

"வலி தெரியாம இருக்கத்தான் ஊசி போட்டிருக்கோம்," என்றார் நர்ஸ். "ஆபரேஷனுக்கு அப்புறம் இதயத் தசையில அடிபட்டா நிறைய பேருக்குத் தெரியவே தெரியாதும்மா. ரத்தத்துலதான் தெரியும். உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு."

அக்காவின் மகன் மோட்டுவளையைப் பார்த்தான். "அம்மா சொன்னா சொன்னதுதான் சிஸ்டர்."

மருமகள் எழுந்தாள். பக்கத்துக் கட்டிலின் திரைக்குப் பின்னால் போனாள், வந்தாள். அப்புறம் அத்தனை பணிவாகக் கேட்டாள்: "ஐயா, அந்தக் கட்டில்ல எங்க சித்தி. குளிருதுன்னு தலையோட போர்த்தியிருக்கேன். அவங்களையும் ஒரு தடவை பாருங்களேன்."

வார்டே திரைக்குள் எட்டிப் பார்த்தது. எனக்கு முன்வரிசை.

மகான் தகட்டை வைத்தார், கண்ணை மூடினார். "சிங்கத்தோட இதயம். நூறு வயசு. ஆனா உள்ளே ஒரு வருத்தம் இருக்கு."

"யாரால ஐயா?"

"ஒரு பெண்ணால."

மருமகள் போர்வையை உருவினாள். இரண்டு தலையணைகள். வருத்தத்தில் இருந்தது மேல் தலையணைதான் போலும்; ஓரம் பிரிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது.

"தலையணைக்குள்ளயும் ஒரு ஜீவன்..." என்று தொடங்கிய மகான், வார்டு சிரித்த சிரிப்பில் வாக்கியத்தை முடிக்காமலே வாசலைப் பிடித்தார்.

மருமகள் மாமியார் பக்கம் குனிந்தாள். "அத்தை, தலையணைக்கே நூறு வயசு குடுத்தவர் பேச்ச நம்பியா கையை ஒளிச்சு வைக்கிறீங்க?"

அக்கா அவளை முறைத்தார். பிறகு கையை வெளியே நீட்டினார். "எடும்மா. மெதுவா."

ரத்தம் மூடி மறைக்கவில்லை. இதயத் தசையில் காயம். அக்காவுக்குச் சுருக்கென்ற ஒரு வலிகூடத் தெரிந்திருக்கவில்லை. அன்றே இதயப் பிரிவுக்கு மாற்றி மருந்தைத் தொடங்கினார்கள். "இப்பவே தெரிஞ்சதால பார்த்துக்கலாம்," என்றார் டாக்டர்.

நான் கிளம்பும்போது மூலைக் கட்டில்காரம்மா ரகசியமாகக் கூப்பிட்டார். "இவரு போலின்னு தெரிஞ்சு போச்சு. நல்லா தகடு வைக்கிறவங்க வேற யாராவது இருக்காங்களா?"

தேய்ந்த இடுப்பை மாற்றலாம், காயம்பட்ட இதயத்தையும் தேற்றலாம். கழற்றி வைத்த மூளையைத் திரும்ப மாட்டிவிட எந்த ஆஸ்பத்திரியிலும் வார்டு கிடையாது. அதை அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும்.