பன்னிரண்டு மேலாளர்களின் ஆப்ப ஆசை

ஒன்றும் தெரியாதவனைக்கூட மன்னித்துவிடலாம். தெரியாததை வண்ண வரைபடம் போட்டு விளக்குகிறவனை மன்னிக்கவே கூடாது. இருபத்து நான்கு வயதில் நான் இரண்டாவது ரகம்.

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றின் தலைமை அலுவலகத்தில், மனிதவளப் பிரிவில் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் புரொபேஷன். அது முடிகிற நேரத்தில் இயக்குநர் ஒரு வேலை கொடுத்தார்: நம் மேலாளர்களிடம் சொந்தத் தொழில் செய்கிறவனின் துணிச்சல் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். (அப்பா அதற்குள் பாதி பினாங்கிடம் என்னை 'ஆபீசர்' என்று சொல்லி முடித்திருந்தார்.)

நாற்பது கேள்வியோடு பாரம் தயாரித்துப் பன்னிரண்டு மேலாளர்களுக்கும் அனுப்பினேன். இரண்டே நாளில் பன்னிரண்டும் திரும்பி வந்தன. லீவு பாரத்தைத் தவிர வேறு எதையும் அவர்கள் அத்தனை வேகமாகத் தந்ததில்லை. நானோ எல்லாம் என் கேள்விகளின் அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டிப் பார்த்தால் அத்தனை பேரும் துணிச்சல்காரர்கள். கடைசிக் கேள்வி, யார் அனுமதியும் இல்லாமல் உடனே எதைத் தொடங்குவீர்கள் என்பது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே பதில் எழுதியிருந்தார்கள்: காலையில் கேன்டீனில் சுடச்சுட ஆப்பம். எனக்குப் புல்லரித்துவிட்டது.

கூட்டத்தில் அதற்கு 'ஒருமித்த தொலைநோக்கு' என்று பெயர் வைத்து இருபது நிமிடம் பேசினேன். இயக்குநர் சுற்றிலும் பார்த்து, ஆப்பம் யாருடைய யோசனை என்று கேட்டார். மேலாளர்கள் மேசையைப் பார்த்தார்கள். உற்பத்தி மேலாளர் மட்டும், அப்படி ஒரு பாரத்தைத் தான் படித்ததே இல்லை என்றார்.

ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அலுவலகக் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, தேவி அக்கா பேனாவைக் கீழே வைத்தார். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி வருகிறவர். எந்தப் பாரம் வந்தாலும் மேலாளர்கள் அதை அவரிடம் தள்ளிவிடுவார்கள் என்பது அங்கே என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

"அவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்? நானா இருந்தா என்ன செய்வேனோ அதப் போட்டேன். பேனாவ மட்டும் மாத்தி மாத்தி எழுதினேன் லா."

அவர் என்ன சொல்கிறார் என்று இயக்குநர் கேட்டார். மொழிபெயர்க்கிற பாக்கியமும் எனக்கே கிடைத்தது. ஆக, நாற்பது கேள்வி போட்டுத் தேவி அக்காவைப் பன்னிரண்டு தடவை அளந்திருக்கிறேன்.

வேலை நிரந்தரமாகவில்லை. கடைசி நாள் ஃபெர்ரித் துறைவரை கூடவே வந்த அக்கா, "என்னாலதானே தம்பி" என்று கண் கலங்கினார். அந்த அலுவலகத்தில் எனக்காக வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

மறு வருடமே அவர் வேலையை விட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் ஆப்பக்கடை போட்டார். இப்போது மூன்று கடைகள். மூன்றாவது கடைக்கு மேலாளர் நான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். முடிக்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்: "இவரு ஆராய்ச்சியில ஒரு தப்பும் இல்லீங்க. யார அளந்தோம்னுதான் இவருக்குத் தெரியல."