யமதா கொடுத்த பச்சைப் பொடி

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. யமதாவுக்கு மதியச் சாப்பாடு போட்டு அனுப்பணும்.

யமதா, எங்க பம்பு கம்பெனிக்கு ஜப்பான்லேர்ந்து வந்த பெரிய இன்ஜினியர். அவர் கையெழுத்துப் போட்டாத்தான் என் வேலை நிரந்தரம். இல்லன்னா மெட்ராசுக்குப் பொட்டி கட்ட வேண்டியதுதான்.

"வாயை மூடிக்கிட்டு பரிமாறுங்க, போதும்"னு என் மனைவி கமலா காலையிலேயே சொல்லிட்டா. கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா?

மனுஷன் சரியா பன்னெண்டு மணிக்கு சிட்னி மெரிலேண்ட்ஸ்ல இருந்த எங்க வீட்டு வாசல்ல நின்னார். ரெண்டு கையாலயும் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். திறந்தா பச்சைப் பொடி!

"கமலா! கறிவேப்பிலைப் பொடிடீ!"

எழுபதுகள்ல சிட்னியில கறிவேப்பிலை ஏது? கண்ணால பாத்தே ஆறு மாசம். ஜப்பான்லயும் பொடி இடிக்கிறாங்களேன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மோந்து பாத்தேன். வாசனையே இல்ல. பாவம், பழைய பொடி போலிருக்கு.

சாப்பிட உக்காந்தோம். என் தட்டுல சுடச்சுட சோறு, அது மேல நெய், அதுல ஒரு ஸ்பூன் பொடி.

யமதா பதறிப்போய், "கொஞ்சம்! கொஞ்சம்!"னு சுண்டுவிரல் நுனியைக் காட்டினார்.

நம்ம பந்தியில ஒருத்தர் "கொஞ்சம்"னா என்ன அர்த்தம்? இன்னும் ரெண்டு கரண்டி போடுன்னுதானே! தான் கொடுத்ததை நிறையப் போட்டுக்கச் சொல்ல மனுஷன் கூச்சப்படறார்னு நினைச்சு, அவர் மனசு குளிர இன்னும் ரெண்டு ஸ்பூன் போட்டுப் பிசைஞ்சு, ஒரு உருண்டையை உள்ளே தள்ளினேன்.

ரெண்டு நொடி ஒண்ணுமில்ல.

அப்புறம் மூக்குக்குள்ள யாரோ கொள்ளிக்கட்டையைச் செருகினாங்க! குண்டூர் மிளகாயை மோருஞ்சாதத்துக்குக் கடிச்சுக்கிற ஆள் நான். இது நாக்கைத் தொடவே இல்ல, நேரா மூளைக்குப் போச்சு.

துப்பினா அவர் மனசு புண்படும், என் வேலையும் போயிடும். முழுங்கினேன். கண்ணுலேர்ந்து தாரை தாரையா ஊத்துது.

"என்னங்க, ஏன் அழறீங்க?"ன்னா கமலா.

யமதாவும் பயந்துட்டார். "இது வசாபி. மலை ஓடையில வளர்ற செடியோட கிழங்கு. பொடியைத் தண்ணியில குழைச்சு, பச்சை மீனுக்கு ஒரு துளி வச்சுக்குவோம். நீங்க உருண்டையாவே உருட்டிச் சாப்பிடறீங்களே! அவ்வளவு பிடிக்குமா?"

தலையாட்டினேன். பேச முடிஞ்சாத்தானே!

அவர் எழுந்து நின்னு எனக்குக் குனிஞ்சு வணக்கம் வச்சார். மறுநாள் காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டார்.

வேலை நிரந்தரமாச்சு. மாசாமாசம் ஒரு டப்பாவும் நிரந்தரமாச்சு.