'ஆ' நாட்டு வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புள்ளி ஒரு சபதம் எடுத்தார். இன்றைக்கு மனைவியை வாதத்தில் ஜெயித்தே தீருவது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இது எத்தனையாவது சபதம் என்று அவருக்கே தெரியாது. உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் எண்ணுகிற மனுஷன் இதை மட்டும் எண்ணுவதில்லை.

புள்ளி என்பது பட்டப்பெயர். சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தில், புள்ளிவிவரப் பிரிவில் வேலை. சாலையில் யாராவது செத்தால் கோப்பு அவர் மேசைக்கு வரும். படிப்பார். சுவரிலிருக்கும் வரைபடத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி குத்துவார். ஒரு ஊசி, ஒரு ஆள். சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அத்தனை ஊசித் தலையும் கண் மாதிரி மினுங்கும். இருபது வருடமாக அவர் திரும்பிப் பார்க்காமல்தான் கதவைச் சாத்துகிறார்.

மனைவியும் ஊசி குத்துகிறவள்தான். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு ஊசி போட்டுக் கட்டு மாற்றுகிற நர்ஸ். வித்தியாசம் ஒன்றுதான். அவள் குத்தினால் ஆள் பிழைப்பான். அவர் குத்தும்போது ஆள் போய்ச் சேர்ந்திருப்பான்.

பிரச்சினை இதுதான். அவளுக்கு ஒரு பேட்டரி வண்டி வேண்டும். வீட்டுக் கொட்டகையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அந்த இடத்தில் புள்ளியின் டீசல் வண்டி பதினாறு வருடமாக நிற்கிறது. காலையில் அதைக் கிளப்பினால் தெருவே எழுந்துகொள்ளும். அலாரம் வைப்பதை நிறுத்திவிட்ட குடும்பங்கள் உண்டு. அவள் வண்டி உள்ளே வந்தால் அவர் வண்டி வெளியே. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது.

அதனால் சாப்பாட்டு அறைச் சுவரில் இரண்டு பெரிய அட்டைகளை மாட்டினார் புள்ளி.

"இங்க பாரும்மா. இது 'அ' நாடு. இது 'ஆ' நாடு."

"நாட்டுக்குப் பேரு கிடையாதா?"

"ஆபீஸ் ரகசியம். ரெண்டும் ரொம்பப் பெரிய நாடு. அ நாடு முழுக்க டீசல். ஆ நாடு முழுக்க பேட்டரி. ஆ நாட்டுல வண்டி வர்றதே காதுல விழாது. மேல ஏறின பிறகுதான் 'ஆ'ன்னு கத்துவான். அதான் அந்தப் பேரு."

"அப்ப அ நாடு?"

"அங்க சத்தம் இருக்கும்மா! சத்தம்தான் பாதுகாப்பு! தெருக்கோடியில வரும்போதே செவிடன்கூட ஒதுங்கிடுவான்."

"ஒதுங்குவான். ஒதுங்கி நின்னு இருமுவான். வண்டி மோதாமலே இருமிச் செத்தவன் உங்க அட்டையில எந்தக் கட்டத்துல இருக்கான்?"

"அது சுகாதாரத் துறை. எங்க துறை இல்ல."

"நான் தினம் போற வீட்டுல பாதிப் பேர் அந்தத் துறைதாங்க. அ குறில், ஆ நெடில். ஒண்ணாம் வகுப்புப் பாடம். அ நாட்டுல ஆயுசும் குறில். ஆ நாட்டுல நெடில். எனக்கு நெடில் போதும்."

புள்ளி விடவில்லை. ஆ நாட்டு அட்டையில் சாவுக் கணக்கைக் காட்டும் சிவப்புக் கோடு எவ்வளவு உயரம் என்று குச்சியால் தட்டிக் காட்டினார்.

"அந்த நாட்டுல ஜனம் எவ்வளவு? இந்த நாட்டுல எவ்வளவு?" என்றாள்.

"எதுக்கு?"

"வகுத்தீங்களா?"

புள்ளி வகுக்கவில்லை. அலுவலகத்தில் பெரும்புள்ளி. புகையால் தெருவுக்குக் கரும்புள்ளி. வீட்டில் எப்போதும் போல முற்றுப்புள்ளி.

அந்த இரண்டு நாடுகளையும் பற்றி அவர் எழுதிய அறிக்கை மேசையில் இருந்தது. அவள் அதை எடுத்துப் புரட்டினாள். "நாற்பதாம் பக்கம் ஏன் ஒட்டிக்கிட்டு இருக்கு?"

"பசை சிந்திடுச்சு."

"நாலு மூலையிலயும் அளவாச் சிந்தியிருக்கே" என்றாள். அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி. தலை நரைத்துத் தொப்பை வைத்த மெக்கானிக். பேட்டரி வண்டிப் பட்டறை அவனுடையது. "ஒரு வாரம் அக்கா ஓட்டிப் பார்க்கட்டும், அத்தான்" என்று ஒரு வெள்ளை வண்டியைக் கொட்டகையில் விட்டான். டீசல் வண்டி தெருவில் மரத்தடிக்குப் போனது. அதன் மேல் பறவைகள் தங்கள் கருத்தைத் தெரிவித்தன.

அந்த வாரம் பார்த்துப் பனி இறங்கியது. காலை பத்து மணிக்கும் எதிர்வீடு தெரியாது. தெருவில் பாதி ஆள்தான் நடந்துவரும். கால் பிறகு வரும். அந்தப் பனிக்குள் வெள்ளை வண்டி வந்தால் எதுவும் வந்த மாதிரி இருக்காது. உறுமல் இல்லை. புகை இல்லை. பின்னால் ஆவிகூட வரவில்லை. ஆவி வந்திருந்தாலாவது வண்டி என்று புள்ளி நம்பியிருப்பார். ஆவியே இல்லாததுதான் ஆவி மாதிரி இருந்தது. ஒரு நாள் குப்பைத் தொட்டியருகே நின்றிருந்தார். பின்கழுத்து மயிர் சிலிர்த்தது. திரும்பினால் ஒரு முழம் தள்ளி அது நிற்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் மனைவி சிரிக்காமல் பார்க்கிறாள்.

வீட்டுக்குள் இன்னும் மோசம். முன்பெல்லாம் அவளை அழைத்துவர அவரே போவார். அவள் எப்போது வருவாள் என்று தெரியும். இப்போது சர்க்கரை டப்பாவுக்குள் கை இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்கும்.

"எத்தனாவது ஸ்பூன்?"

"ஐயோ! எப்ப வந்த?"

"நான் வந்து பத்து நிமிஷம் ஆச்சு. நீங்க டப்பாகிட்டப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

அவருக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சல்தான் உலகத்திலேயே தீராத எரிபொருள். அந்த எரிபொருளில் அவர் மூளை ஓடத் தொடங்கியது.

வண்டிக்குப் பேய் பிடித்திருப்பதாக அவளை நம்பவைத்தால்?

பழைய செல்போன் ஒன்று கிடந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளிக்குள் தலையை விட்டு, குரலை இழுத்துப் பதிவு செய்தார். "இறங்கிடு... இந்த வண்டி வேண்டாம்... இறங்கிடு..." அதையே அந்தப் போனுக்கு மணியோசையாக வைத்தார். போனைப் பின்சீட்டுக்கு அடியில் செருகினார். சட்டைப்பையிலிருக்கும் போனிலிருந்து அழைத்தால் போதும். அங்கே பேய் எழுந்துகொள்ளும். இவ்வளவு புத்தி இருந்தும் தன்னை ஏன் உதவி இயக்குநர் ஆக்கவில்லை என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. "நானும் வரேன்" என்று முன்சீட்டில் ஏறினார்.

"என்ன திடீர்னு?"

"உன் பாதுகாப்புக்குத்தான்."

வண்டி கிளம்பியதே தெரியவில்லை. வீடுதான் பின்னால் போனது. மூடிக்கிடக்கும் ஆலையின் நீண்ட மதில் ஓரமாகப் போனார்கள். மதில் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. கண்ணாடியில் பனி விரலால் தடவியது போல ஒழுகியது. ஒரு சத்தமும் இல்லை. அவருடைய நெஞ்சு அடிப்பது அவருக்கே கேட்டது. டீசல் வண்டியில் பதினாறு வருடமாக அது அடிக்கிறதா என்றே தெரியாது.

பைக்குள் கைவிட்டு அழுத்தினார்.

"இறங்கிடு... இந்த வண்டி வேண்டாம்..." பின்சீட்டுக்கு அடியிலிருந்து வாளிக் குரல் எழும்பியது.

மனைவி நேரே சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

"ஏதாவது கேட்டுச்சா?" என்றார் புள்ளி.

"இல்லையே. உங்களுக்கு?"

"இறங்கிடுன்னு... யாரோ..."

"யாரோவா? ஆம்பிளையா, பொம்பிளையா?"

"ஆம்பிளை மாதிரி."

"அழகான குரலா?"

"சுமாரா நல்ல குரல்தான்."

"எனக்குக் கேக்கல. சில பேருக்கு மட்டும்தான் கேக்குமாம்" என்றாள் அமைதியாக. "நேரம் நெருங்கினவங்களுக்கு."

புள்ளிக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. தானே செய்த பேய்தான். இருந்தாலும் அவள் அதைச் சொன்ன விதம் சரியில்லை. இன்னொரு முறை அழுத்த வேண்டாம் என்று கையைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கையும் மடியில் இருந்தன. அதை அவர் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தார்.

மதில் முடிகிற இடத்தில் சாலை திரும்பும். அங்கே பனி சுவர் மாதிரி நின்றது. அவள் வேகத்தைக் குறைத்தாள். ஊர்ந்தது வண்டி.

அப்போது குரல் வந்தது.

பின்சீட்டிலிருந்து இல்லை. முன்னாலிருந்து. பனிக்குள்ளிருந்து.

"தள்ளிப் போ... வண்டி வருது... தள்ளிப் போ..."

புள்ளியின் குரல். சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பதிவு செய்யாத வாக்கியம். வாளிக்குள் இழுத்த குரலும் இல்லை. அடித்தொண்டையிலிருந்து, அழுகிறவன் கெஞ்சுவது போல வந்தது. தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். மூடியிருந்தது.

"பிள்ளைய இழுத்துப் பிடிம்மா... தள்ளிப் போ..."

பனி ஒரு கணம் கிழிந்தது. ஒரு பெண் சாலையில் ஒரு கால் வைத்திருந்தாள். கையில் ஒரு குழந்தை தொங்கியது. குரல் கேட்டதும் அவள் குழந்தையை வெடுக்கென்று இழுத்து மதிலோடு ஒட்டினாள். வண்டி அவர்களைத் தாண்டி வழுக்கிப் போனது. அந்தப் பெண் கண்ணை அகல விரித்துப் பார்த்தது வண்டியை இல்லை. அவரை.

"ஆ!" என்று கத்தினார் புள்ளி. முழு நெடிலில் கத்தினார்.

மனைவி வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"வந்துட்டீங்களா ஆ நாட்டுக்கு?"

"நா... நான் செத்துட்டேனா?"

"இன்னும் இல்ல. தண்ணி குடிங்க."

குடித்தார். பாதி சட்டையில் போனது. அவள் இறங்கி, பின்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பழைய போனை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"என் மருந்துப் பையை எங்க வைப்பேன்னு பத்தொன்பது வருஷத்துல தெரியாதா உங்களுக்கு? முதல் நாளே கையில தட்டுப்பட்டுச்சு."

"அது... சரி. அப்ப அந்தக் குரல்? முன்னால வந்துச்சே, அது யாரு?"

"நீங்கதான்."

"நான் அப்படிப் பேசவே இல்லையே!"

"முழிச்சிருக்கும்போது பேசினதில்ல." அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை குரலில் குத்தல் இல்லை. "தூக்கத்துல பேசுவீங்க. கல்யாணம் ஆன முதல் மாசத்திலேர்ந்து கேக்குறேன். தள்ளிப் போ, தள்ளிப் போன்னு கெஞ்சுவீங்க. காலையில கேட்டா நல்லாத் தூங்கினேன்பீங்க."

பிள்ளையை இழுத்துப் பிடிக்கச் சொன்னது எந்தக் கோப்பு என்று அவருக்குத் தெரியும். முதல் வருடம் வந்தது. ஒரே இடத்தில் இரண்டு ஊசி.

"நாற்பதாம் பக்கத்தைக் கெட்டில் ஆவியில காட்டிப் பிரிச்சேன்" என்றாள். "ஆ நாட்டுல பேட்டரி வண்டிக்கு மெதுவாப் போகும்போது குரல் இருக்கணும்னு சட்டம் போட்டாங்களாம். அதுக்கப்புறம் சிவப்புக் கோடு பாதியாச்சாம். நீங்களே எழுதி, நீங்களே ஒட்டியிருக்கீங்க."

"அது கணிப்பு..."

"தம்பி இன்னைக்குக் காலையிலதான் முன்பக்கம் ஒலிபெருக்கி மாட்டினான். மணி சத்தம் வைக்கவா, பறவை சத்தம் வைக்கவான்னு கேட்டான். ராத்திரி நீங்க தூக்கத்துல பேசினதை என் போன்ல பதிவு பண்ணி வச்சிருந்தேன், இதைக் கொடுத்தேன். உங்க வாளிப் பேயைக் கேட்டா யாரும் ஒதுங்க மாட்டாங்க, கொட்டாவி விடுவாங்க. இது வேற. இதைக் கேட்டா கால் தானா பின்னால போகுது. பார்த்தீங்கல்ல?"

பார்த்தார். இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பனிக்குள் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலை மதில் ஓரமாக நடந்து மறைந்தாள். அவருடைய சுவரில் ஊசியாக ஏறாமல் நடந்தே போனாள்.

"அப்ப டீசல் வண்டி?" என்றார் மெல்ல.

"நீங்களே சொல்லுங்க. உங்க அறிக்கை. உங்க குரல். உங்க முடிவு."

இருபது வருடப் புள்ளிவிவர நிபுணருக்கு இதில் முடிவெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. தலையை ஆட்டினார். சனிக்கிழமை மச்சினன் வந்து டீசல் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போனான். "கவலைப்படாதீங்க அத்தான், பட்டறைக்குள்ள பத்திரமா நிக்கும்" என்றான். அதன் மேலிருந்த பறவைகளும் கூடவே போயின.

திங்கட்கிழமையும் பனி விலகவில்லை. புள்ளி நடந்தே அலுவலகத்துக்குக் கிளம்பினார். பாதித் தெருவில் பின்னாலிருந்து அது வந்தது. வண்டி தெரியவில்லை, வெளிச்சம் தெரியவில்லை. அவர் குரல் மட்டும் பனிக்குள் தனியாக நடந்து வந்தது. "தள்ளிப் போ... வண்டி வருது..." பால்காரர் சைக்கிளோடு ஒதுங்கினார். எதிர்வீட்டுக்காரர் படியேறினார். ஒரு நாய் எழுந்து மரியாதையாக ஓரத்தில் உட்கார்ந்தது.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவர் சொன்னதை ஒரு தெருவே கேட்டது. அவரும் ஓரமாகத் தள்ளி நின்றார்.