செலஸ்தீனோ லாமா பழக்கிய கதை

உலகத்தில் பழக்குவார் என்றொரு இனம் உண்டு. மனித இனம்தான், ஆனால் அவர்களையே கேட்டால் ஒரு படி மேலே என்பார்கள். நீங்கள் உங்கள் பாட்டுக்கு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போவீர்கள். ஒருவர் எதிரே வந்து நின்று, உங்களை விட்டுவிட்டு நாயிடம் நலம் விசாரித்து, நீங்கள் கயிறு பிடிக்கும் விதம் தப்பு, நடக்கும் விதம் தப்பு, நாய்க்கு வைத்திருக்கும் பெயரே தப்பு என்று வரிசையாக அடுக்கி, "எங்கிட்ட ஒரு வாரம் விடுங்க" என்று முடிப்பாரே, அவர்தான். விட்டால் என்ன ஆகும்? நாய்க்கு ஒன்றும் ஆகாது. அது விவரமான பிராணி.

எங்கள் மேட்டில் அந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி செலஸ்தீனோ சோக்கே. பொலிவியா முழுக்கத் தேடினாலும் தன்னைப்போல் இன்னொருவர் கிடையாது என்பது அவருடைய அடக்கமான அபிப்பிராயம். கல்யாண வீடோ சாவு வீடோ, கையில் கோப்பை வந்ததும் மூன்று விரலை நீட்டிவிடுவார். "அன்பு. பொறுமை. கண்டிப்பு. கண்ணைப் பாத்துப் பேசணும். அவ்வளவுதான் விஷயம்!" பக்கத்து வீட்டு மெலித்தோனின் நாய் கண்டபடி குரைக்கிறது என்று ஒருநாள் தாமாகவே போய்ப் பழக்கிக் கொடுத்தார். இப்போது அது திருடனைக் கண்டால் வாலாட்டுகிறது. மெலித்தோனைக் கண்டால் மட்டும் குரைக்கிறது. "பாத்தியா, தேவையில்லாத குரைப்பு நின்னுடுச்சு" என்றார் செலஸ்தீனோ.

இந்த இனத்தைக் கண்டுபிடிக்க ஒரே அடையாளம் போதும். பிராணி எதைச் செய்தாலும் அது அவர் கற்றுக்கொடுத்ததாக இருக்கும். செலஸ்தீனோ வீட்டில் துகே என்று ஒரு நாய். அது கதவைச் சுரண்டும். அவர் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து திறப்பார். வெளியே போனதும், உள்ளே வரவேண்டும் என்று சுரண்டும், மறுபடி எழுவார். சூப்பு ஆறிப்போகும். "வேணும்னா கேக்கணும்னு பழக்கி வெச்சிருக்கேன்." மிச்சி என்ற பூனை, வீட்டில் இருக்கும் ஒரே நாற்காலியில் ஆட்டுத்தோலின் மேல் படுத்திருக்கும். "எடத்தை விட்டு அசையாம இருக்கப் பழக்கி வெச்சிருக்கேன்" என்பார், கட்டாந்தரையில் உட்கார்ந்தபடி. அடுப்படியில் ஓடித்திரியும் கினிப் பன்றிகளை மட்டும் அவர் பழக்குவதில்லை. பெயர் வைத்துவிட்டால் பண்டிகைக்கு வறுக்க முடியாது பாருங்கள்.

ஆனால் ஒரு மழைக்காலத்தில், கம்பளிக்கும் சுமைக்கும் நாங்கள் வளர்க்கும் லாமாக்களில் இடிவிழுந்து செத்த தாய் ஒன்றின் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஆண் குட்டிக்குப் பெயர் வைத்துவிட்டார். மூன்றாம் நாளே நெஞ்சை நிமிர்த்தி நின்றதால் கர்னல்.

அனாதைக் குட்டிக்கு எங்கள் பக்கம் வழி இருக்கிறது. குட்டியை இழந்த தாய் ஏதாவது இருந்தால், செத்த குட்டியின் தோலை இதன் முதுகில் போர்த்தி அதனிடம் விடுவார்கள். அது மோந்து பார்த்து, நம்பி, பால் கொடுத்துவிடும். இல்லையென்றால் புட்டியில் பால் கொடுத்த கையோடு பட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். தடவக் கூடாது. கொஞ்சக் கூடாது. ஆண் குட்டியென்றால் கூடவே கூடாது. இது எங்கள் ஊரில் மூக்கொழுகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

செலஸ்தீனோ தடவினார். கொஞ்சினார். தம் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார். அடுப்போரம் துகேவுக்கும் மிச்சிக்கும் நடுவில் அதற்கு ஒரு மெத்தை விரித்தார்.

மெலித்தோன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, அடுப்படியில வளந்த லாமா தன்னை லாமான்னு நெனைக்காது. நம்மளத்தான் லாமான்னு நெனைக்கும். வளந்தப்பறம் நம்மகூடத்தான் மல்லுக்கு நிக்கும்."

"நீ வளர்த்தா அப்படி" என்றார் செலஸ்தீனோ.

கர்னல் வளர்ந்தது. நன்றாகவே வளர்ந்தது. கார்னிவல் திருவிழாவுக்குக் காதில் ரோஜா நிறக் குஞ்சம் கட்டியபோது அதைவிட அழகான லாமா மேட்டிலேயே இல்லை. அழகு மட்டும்தான். மற்ற லாமாக்கள் மேயப் போகும்போது இது துகேவுடன் சேர்ந்து வாசலில் காவல் படுத்திருக்கும். சூப்பு கொஞ்சம் தாமதமானால் துப்பும். "பசிச்சா சொல்லணும்னு பழக்கியிருக்கேன்" என்பார் செலஸ்தீனோ, முகத்தைத் துடைத்துக்கொண்டே. கடைசியில், கம்பளி வாங்க வந்த வியாபாரியை அது நெஞ்சால் முட்டிச் சாணக் குவியலில் உட்காரவைத்தது. வியாபாரி எழுந்து பார்த்தார், மறுபடி உட்காரவைத்தது.

"மனுஷங்களோட நல்லாப் பழகுறான்" என்றார் செலஸ்தீனோ.

அவர் மனைவி பசிலியா அதுவரை பொறுத்திருந்தாள். வியாபாரி கம்பளி வாங்காமலே போனதும் பொறுமை தீர்ந்துவிட்டது.

"இங்க பாருய்யா. மேட்டு வயல்லேர்ந்து கிழங்கு இறக்குற அன்னிக்கு இவன் ஒரு மூட்டை தூக்கிட்டு வரணும். தூக்கினா லாமா. தூக்கலைன்னா உப்புக்கண்டம்."

"பசிலியா, புள்ளை மாதிரி..."

"புள்ளையா இருந்தாலும் வேலை செய்யணும். ராத்திரி ஒறைபனி, பகல்ல வெயிலு, கறி நல்லாக் காயும்."

பசிலியா சொன்னால் சொன்னதுதான். அவளை மட்டும் யாராலும் பழக்க முடியவில்லை.

செலஸ்தீனோ பழக்க ஆரம்பித்தார். முதலில் முதுகில் வெறுஞ்சாக்கு. கர்னல் திரும்பி அதைக் கடித்து உதறி, துகேவுக்குக் கொடுத்தது. அவர் மடித்துப் போட்டார். திரும்பவும் உதறியது. ஊரில் எல்லோருடைய மிருகத்துக்கும் சுமை கட்டுவது எப்படி என்று கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தவர் அவர். தம் தோளில் ஒரு மூட்டையும் ஏற்றியதில்லை என்பது வேறு விஷயம். விடிகாலையில் யாரும் பார்க்காதபோது, தமக்கென்று வைத்திருந்த வறுத்த சோளத்தை அதன் வாயில் கொடுத்து, "ஒரே ஒரு தடவைடா. பாதி மூட்டைதான். அவ கோவக்காரி, உனக்குத் தெரியாது" என்று காதோடு காதாகக் கெஞ்சுவார். கெஞ்சலா அது? அவரைக் கேட்டால் பயிற்சி என்பார்.

கிழங்கு இறக்கும் நாள் வந்தது. மேட்டு வயலில் மெலித்தோனின் லாமாக்கள் ஆளுக்கொரு மூட்டையுடன் வரிசையாக நின்றன. துகேவும் கூட வந்து ஓரமாகப் படுத்திருந்தது. கர்னலின் முதுகில் பாதி மூட்டையைக் கட்டினார்கள். கட்டிய கை எடுப்பதற்குள் அது நாலு காலையும் மடக்கி உட்கார்ந்துவிட்டது.

லாமாவுக்குச் சுமை பிடிக்காவிட்டால் சண்டைக்கு வராது. உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த லாமாவைக் கிளப்புவதும், ஓடாத பேருந்தை உள்ளே உட்கார்ந்துகொண்டு தள்ளுவதும் ஒன்று.

"அண்ணே, அந்த மூணு விரலை எடுங்க, பாப்போம்!" என்றார் மெலித்தோன்.

செலஸ்தீனோ எடுத்தார். அன்பு: மூக்கில் முத்தம் கொடுத்தார். கர்னல் கண்ணை மூடிக்கொண்டது. பொறுமை: எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்தார். மெலித்தோனின் வரிசை மலைவளைவைத் தாண்டி மறையும்வரை பார்த்தார். கர்னலும் பார்த்தது. கண்டிப்பு: எழுந்து நின்று, "கர்னல், எந்திரி!" என்று கத்தினார்.

துகே எழுந்தது.

கர்னல் பச்சையாக ஒன்று துப்பியது. தொப்பியில் விழுந்தது.

அப்போதுதான் அவருக்குக் கீழே தெரிந்த தம் வீட்டு முற்றத்தில் பசிலியா ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுவது கண்ணில் பட்டது. துணி காயப்போடும் கயிறு இல்லை அது. அந்த உயரத்தில் காற்று பலமாக அடிக்கும். கண்ணில் தண்ணீர் வருவது சகஜம்.

"டேய், இதுல என்னடா கஷ்டம்? இங்க பாரு. இப்படி" என்று மூட்டையை அவிழ்த்துத் தம் முதுகில் ஏற்றிக்கொண்டார். "இப்படி நிக்கணும். இப்படி நடக்கணும்." நடந்தும் காட்டினார்.

பின்னால் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. கர்னல் எழுந்து வந்துகொண்டிருந்தது.

நின்று திரும்பிப் பார்த்தார். அது நெஞ்சால் ஒரு முட்டு முட்டியது. நடந்தார், வந்தது. மூச்சு வாங்கி ஒரு பாறையில் சாய்ந்தார்; முட்டியது. ஒழுங்காக நடந்த இடத்திலெல்லாம், குட்டியில் அவருடைய போர்வைக்குள் இருந்து முனகுமே, அதேபோல் ம்ம்ம் என்று திருப்தியாக முனகியது. மூட்டையை இறக்கி அதன் முதுகில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. உட்கார்ந்துவிட்டால்? வைக்கவில்லை.

முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். முதலில் துகே வந்தது. அடுத்து, முதுகு வளைந்து, தொப்பியில் பச்சை வழிய, பாதி மூட்டையோடு செலஸ்தீனோ. கடைசியில், காதில் ரோஜாக் குஞ்சம் ஆட, வெறும் முதுகோடு, ஓட்டிவந்த தோரணையில் கர்னல்.

மெலித்தோன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணி, மூட்டை வந்துடுச்சு! யாரு தூக்கணும்னு நீங்க வெவரமாச் சொல்லலையே!"

பசிலியா சிரிக்கவில்லை. மூட்டையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் உட்காரப் பார்த்ததும் கர்னல் பின்னாலிருந்து முட்டி நிமிர்த்தியதையும் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாளா இந்த மனுஷன் ஒரு மூட்டை எறக்கி நான் கண்டதில்ல" என்றாள் மெதுவாக. "நான் கத்திப் பாத்தேன், அழுது பாத்தேன். இவன் ஒரே நாள்ல பழக்கிட்டானே!"

கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள்.

"பசிலியா, அப்போ உப்புக்கண்டம்..." என்று இழுத்தார் செலஸ்தீனோ.

"இவனை உப்புக்கண்டம் போட்டுட்டா நாளைக்கு உன்னை யாரு ஓட்டிட்டு வர்றது? இன்னும் நாலு மூட்டை மேல கெடக்கு." உள்ளே போய், வரிசைக்கு முன்னால் போகும் லாமாவுக்குக் கட்டும் மணியைக் கொண்டுவந்து கர்னலின் கழுத்தில் மாட்டினாள். மாட்டும்போது அதன் கன்னத்தை ஒரு தடவை தடவினாள். பார்த்ததைச் சொல்கிறேன், அவளைக் கேட்டால் தூசி தட்டினேன் என்பாள்.

செலஸ்தீனோ முதுகைப் பிடித்துக்கொண்டு மெலித்தோன் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாத்தியாடா? பின்னாடியே வரப் பழக்கிட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. ஆனால் அதிகம் குலுங்காமல். இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து உங்கள் இடது கால் மரத்துப்போயிருக்கிறது, நீட்ட வேண்டும்போல் இருக்கிறது, நீட்டவில்லை. ஏன்? மடியில் தூங்குவது விழித்துக்கொள்ளும். அதுவாக எழுந்து போகட்டும் என்று காத்திருக்கிறீர்கள்.

நன்றாகத்தான் பழக்கியிருக்கிறது.