வலது காது மாமன்

எங்கள் பக்கத்துக் காதுகுத்து விழாவில் குழந்தைக்கு அடுத்தபடியாக அலங்கரிக்கப்படுபவன் தாய்மாமன். அவன் மடியில் குழந்தையை அமர்த்தித்தான் காதில் ஊசி ஏற்றுவார்கள். அந்தச் சில நிமிட மரியாதையை வாழ்நாள் அதிகாரம் என்று எண்ணிக்கொள்ளாத தாய்மாமன் மதுரை வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. நான் விதிவிலக்கு என்று எழுத ஆசைதான். ஆனால் என் தங்கை செல்வி இதைப் படிப்பாள்.

செல்வியின் மகள் யாழினி. பெயர் நான் வைத்தது. (எல்லோரும் கூப்பிடுவது பாப்பா என்றுதான்.) பிறந்தபோதே அவள் இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய் சற்றுக் குறுகலாக இருந்தது. மருத்துவமனையும் வீடுமாக அலைந்ததில் காதுகுத்து ஆறு வயது வரை தள்ளிப்போயிற்று. அப்போது அவர்கள் ஓசூரில் இருந்தார்கள், நான் சிம்மக்கல்லில். ஆகவே மருமகளை நான் பெரும்பாலும் கைப்பேசித் திரையில்தான் கண்டிருந்தேன். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். சட்டைக்குப் பொத்தான் போட வராது. "மாமா சாப்பிட்டீங்களா?" என்று ஒவ்வோர் அழைப்பிலும் ஓயாமல் கேட்பாள். சொன்னதையே திரும்பச் சொல்லும் இயல்பு என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். (நான் ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவில்லை.)

ஒருநாள் செல்வி அழைத்தாள்.

"அண்ணே, டாக்டர் கண்டுபிடிச்சுட்டாரு. வில்லியம்ஸ் சிண்ட்ரோமாம். மரபணுவுல ஒரு சின்னத் துண்டு இல்லையாம். ரொம்ப அபூர்வமா வருமாம்."

"ஆட்டிசத்தின் ஒரு கிளை அது," என்றேன்.

"இல்லண்ணே. இது வேற, அது வேறன்னு சொல்றாரு. சில பிள்ளைகளுக்கு ரெண்டும் சேந்து இருக்குமாம், பாப்பாவுக்கு அப்படி இல்லையாம்."

"மருத்துவர்கள் பெயரை மாற்றி மாற்றிச் சொல்வார்கள். எனக்குப் பயிற்சி உண்டு."

பயிற்சி உண்டுதான். நான் தமிழாசிரியராக இருந்த பள்ளியில் சிறப்புக் குழந்தைகள் பற்றி ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். முற்பகலில் ஆட்டிசம். பிற்பகலில் அரிய மரபணுக் குறைபாடுகளும் அவற்றில் குழந்தைகளின் நடத்தை எவ்வாறு வேறுபடும் என்பதும். இடையில் பிரியாணி. ஆகவே என் புலமை முற்பகலோடு நின்றுவிட்டது. போதாததற்கு என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவன் இருந்தான். என் முகத்தைப் பார்க்கவே மாட்டான். அந்த ஒருவனைக் கோலாகக் கொண்டு உலகத்துப் பிள்ளைகள் அனைவரையும் அளந்து முடித்திருந்தேன்.

எழுமலைக்கு அருகே மாப்பிள்ளை வீட்டாரின் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து என்று முடிவாயிற்று. செல்விக்கு ஒரே ஓர் ஆசை.

"அவுக சொந்தத்துல பாதிப் பேரு பாப்பாவப் பாத்ததே இல்லண்ணே. நோஞ்சான் பிள்ளை, ஒரு மாதிரின்னு ஊருக்குள்ள பேச்சு. அன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் அவகிட்ட நல்லாப் பேசிட்டாப் போதும். அம்புட்டுத்தான்."

"கவலை விடு. உறவினரை நான் பக்குவப்படுத்துகிறேன்," என்றேன்.

இரு வீட்டாருக்குமான வாட்ஸ்அப் குழுவில் என் குரலைப் பதிந்து அனுப்பினேன். குழந்தையின் கண்களை நேராக நோக்கலாகாது, தொடலாகாது, வலியச் சென்று உரையாடலாகாது, மேளம், ஒலிபெருக்கி, வெடி ஆகியன அறவே கூடா. கட்டைவிரல்கள் குவிந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா, மரக்கடைக்காரர், "வாத்தியார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுதினார். செல்வி மட்டும் தனியே அழைத்து, "வெடி வேண்டாம், சரி. மேளம்னா அவளுக்கு உசுரு. மத்ததெல்லாம் எதுக்குண்ணே?" என்றாள். தாய்மாமன் நானா நீயா என்று கேட்டேன்.

காதுகுத்தன்று சீர்த்தட்டுகள் வேனிலிருந்து இறங்கின. மேளமில்லை, குலவையில்லை. பட்டுப்புடவைப் பெண்கள் தட்டேந்தி, தரையைப் பார்த்தபடி, செருப்புச் சத்தம்கூட எழாமல் நடந்தார்கள். வேன் ஓட்டுநர் என் காதருகே வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எங்க ஊர்ல எழவு வீட்டுலகூட இதைவிடக் கலகலன்னு இருக்கும்."

யாழினி புதுப் பாவாடையில், கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். முதலில் அகப்பட்டவர் மரக்கடைப் பெரியப்பா.

"வணக்கம் தாத்தா, உங்க பேரு என்ன? உங்க வீட்டுல நாய் இருக்கா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு கண்களை மூடி, தூண் ஓரம் உறங்குபவர்போல் ஆகிவிட்டார். யாழினி அடுத்தவரிடம் போனாள். அவர் கோபுரத்தை ஆராய்ந்தார். ஓர் அத்தைக்குச் சிரிப்பு உதடுவரை வந்துவிட்டது. நான் முறைத்தேன், விழுங்கிவிட்டார். அத்தனை உறவினரும் ஒரு குழந்தைக்கு முகம் திருப்பி நின்ற அந்தக் கட்டுப்பாட்டைக் கண்டு என் நெஞ்சு விம்மியது. என் வகுப்பில் அத்தகைய ஒழுங்கை நான் ஒருநாளும் கண்டதில்லை.

யாழினி கடைசியில் என்னிடம் வந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"மாமா, எல்லாரும் என்கூட டூ விட்டுட்டாங்களா?"

அந்தக் கேள்விக்குள் என் பிழை முழுதும் இருந்தது. நானோ அதைக் கூட்டத்தால் வந்த மிரட்சி என்று கொண்டேன். கோயிலுக்குப் பின்னால் ஆளரவமற்ற வேப்பமரத்தடியில் அவளை அமர்த்திவிட்டு, குழந்தையின் கண்ணைப் பாராமல் காது குத்துவது எவ்வாறு என்று ஆசாரிக்கு விளக்கப் போனேன். "காதைப் பாக்கலாமா சார்?" என்றார் அவர். அனுமதித்துவிட்டுத் திரும்பினேன். வேப்பமரத்தடியில் அவளைக் காணவில்லை.

செல்வியின் முகம் வெளுத்ததை இன்றும் மறக்கவில்லை. அவள் கத்தவில்லை, ஓடிக்கொண்டே பேசினாள்.

"கூட்டத்தைக் கண்டு ஒளிஞ்சிருப்பான்னு தேடாதீங்கண்ணே. ஆளுங்க எங்க இருக்காங்களோ அங்கதான் போயிருப்பா. யாரு கூப்பிட்டாலும் போயிருவா. டாக்டர் எனக்குச் சொன்ன மொதப் பயமே அதுதான்."

ஆளுங்க இருந்தது கோயிலின் மறுபுறம். அங்கே வேறொரு குடும்பம் தங்கள் பிள்ளைகளுக்கு மொத்தமாகக் காது குத்திக்கொண்டிருந்தது. மேளமும் சிரிப்பும் பொங்கின. நடுவில் மாலையணிந்த தடித்த மனிதர் ஒருவர். அவர் மடியில் யாழினி. இடது காதில் புதுக் கம்மல். கன்னத்தில் கண்ணீர் வழிய, ஊசி ஏற்றியவரிடம், "ரொம்ப நன்றிங்க. உங்க வீட்டுல நாய் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலைக்காரர் பெயர் பாண்டி. செக்கானூரணியில் டயர்க் கடை வைத்திருப்பவர். செல்வி மகளை வாரி அணைத்ததைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"ஐயோ, உங்க பிள்ளையாம்மா? வந்துச்சு, எல்லாரு பேரையும் கேட்டுச்சு, மடியில ஏறி உக்காந்து எனக்கும் குத்துங்கன்னுச்சு. நான் தங்கச்சி வீட்டுக்காரர் பக்கத்துப் பிள்ளைன்னு நெனச்சேன். அவுக எங்க பக்கத்துப் பிள்ளைன்னு நெனச்சிருக்காக."

பிறகு என்னைக் கேட்டார்: "நீங்க யாருண்ணே?"

"தாய்மாமன்," என்றேன். என் மடி அதுவரை காலியாக இருந்தது.

பாண்டி தம் குடும்பத்தையும் மேளத்தையும் அழைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். மேளம் கேட்டதும் மரக்கடைப் பெரியப்பா கண் விழித்தார். "ரெண்டு நாய் இருக்கு தாயி," என்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார். அத்தைகள் குலவையிட்டார்கள். யாழினி ஒவ்வொருவர் முகத்தையும் பிடித்துப் பெயர் கேட்டாள். செல்வி தூணில் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு வலது காது கிடைத்தது. ஊசி ஏறும்போது நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். "மாமா, உங்களுக்கு வலிக்குதா?" என்று கேட்டாள் யாழினி.

என் வகுப்பில் இருந்த அந்த ஆட்டிச மாணவனின் தாயிடம் பிறகு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் தயங்கி, "சார், எங்க பையன் பழகுனவங்க முகத்த நல்லாப் பாப்பான். உங்க குரல்தான் அவனுக்குத் தாங்காது," என்றார். முற்பகல் புலமையும் அன்றோடு போயிற்று.

யாழினிக்கு இப்போது பன்னிரண்டு வயது. இரு காதிலும் வேறுவேறு கம்மல், மாற்றவிடமாட்டாள். புதியவரைக் கண்டால் முதலில் அம்மாவைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவள் தலையசைத்த பிறகே பேச வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். பெரும்பாடு பட்டு வந்த பழக்கம் அது.

சென்ற மாதம் ஆனையூரில் செல்வி புதுமனை புகுந்தாள். சீர்த்தட்டோடு நானும் சென்றேன். சீர்த்தட்டோடு பாண்டியும் வந்தார். அக்கம்பக்கத்தார் கூடியிருந்தனர். யாழினி அம்மாவைப் பார்த்தாள், அம்மா தலையசைத்தாள். உடனே எங்கள் இருவரையும் அறிமுகப்படுத்தத் தொடங்கினாள்.

"இவுக இடது காது மாமா. இவுககிட்ட எம்புட்டு வேணாலும் பேசலாம். இவுக வலது காது மாமா. ரொம்ப நல்லவுக. ஆனா கண்ணைப் பாக்காதீங்க, தொடாதீங்க, பேசாதீங்க. மாமாவுக்கு அதெல்லாம் பிடிக்காது."

பண்புள்ள மனிதர்கள். அனைவரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்கள். மரக்கடைப் பெரியப்பா கண்களையே மூடிக்கொண்டார். பந்தி முடியும்வரை என்னிடம் பேசிய ஒரே ஆள் யாழினிதான்.

"மாமா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்மா," என்றேன்.